பழைய டீசல் பிக்கப்பும் பந்தல் டிரெய்லரும்

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்து வடகரையில், வெருலத்தில் வசிக்கும் எங்கள் குடும்பத்துக்குப் பந்தலும் சமையல் பாத்திரங்களும் வாடகைக்கு விடுவதே தொழில். அலுமினிய அண்டாக்கள், எரிவாயு அடுப்புகள், இரும்புக் கால்கள், தார்ப்பாய், மடக்கு மேசை, நாற்காலி என்று ஏற்றி முடித்தால் எங்கள் இரட்டை அச்சு டிரெய்லரின் எடை 1,500 கிலோவை நெருங்கிவிடும். அதை இழுப்பது 3.0 லிட்டர் கே.இசட். டர்போ டீசல் எஞ்சின் பொருத்திய ஒரு பழைய டொயோட்டா ஹைலக்ஸ். இங்கே பக்கி என்று எல்லாரும் அழைக்கும் இத்தகைய பிக்கப் வண்டிகளை வைத்திருக்கும் உறவினர்களும் தொழில் நண்பர்களும், டிரெய்லர் இழுப்பதற்காக வண்டியில் என்னென்ன மாற்ற வேண்டும் என்று அடிக்கடி கேட்கிறார்கள். நான் செய்தவற்றையும், வேண்டுமென்றே செய்யாமல் விட்டவற்றையும் காரணத்தோடு இங்கே எழுதிவைக்கிறேன்.

கேட்பவர்களில் பெரும்பாலோரின் முதல் கேள்வி, எத்தனை குதிரைத்திறன் கூட்டலாம் என்பதுதான். என் கணக்கில் அது கடைசியாக வர வேண்டிய கேள்வி. இழுக்கும் வலு டீசல் எஞ்சினுக்குப் பிறவியிலேயே உண்டு. இருபது ஆண்டுகளில் தேய்ந்துபோவது, இழுக்கும்போது உண்டாகும் வெப்பத்தை வெளியேற்றும் திறனும், இழுத்துவந்த சுமையை இறக்கத்தில் பிடித்து நிறுத்தும் திறனும்தான். ஆகவே பணத்தை முதலில் ரேடியேட்டருக்கும் பிரேக்குக்கும் பின்னச்சுக்கும் போட வேண்டும். மிச்சம் இருந்தால், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவைப் பற்றிப் பேசலாம். ஊரில் நடப்பது நேர்மாறாக இருக்கிறது. வலுவைக் கூட்டும் சிப் மாட்டி, சைலன்சரைப் பெரிதாக்கி, பின் பிரேக் டிரம்மை ஒருமுறைகூடத் திறந்து பாராமல் மலையேறும் வண்டிகளை, டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் போகும் என்3 நெடுஞ்சாலையில் நாள்தோறும் காணலாம்.

எதையும் கழற்றுவதற்கு முன்னால் எடைமேடைக்குப் போய்வருவது நல்லது. டிரெய்லர் என்ன எடை இருக்கும் என்று கண்ணால் மதிப்பிடுபவர்கள் அநேகமாகக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். தென்னாப்பிரிக்கச் சட்டம் பார்ப்பதும் டிரெய்லரின் தகட்டில் பொறித்துள்ள அனுமதிக்கப்பட்ட மொத்த எடையையே. அன்றைக்கு எவ்வளவு ஏற்றினோம் என்பதை வைத்து உரிமம் முடிவாவதில்லை. அந்த எடை 750 கிலோவுக்கு மேற்பட்டால் சாதாரண பி வகை ஓட்டுநர் உரிமம் போதாது, ஈ.பி. வகை வேண்டும். பிரேக்கே இல்லாத டிரெய்லர் என்றால் 750 கிலோவுக்குள்ளும், இழுக்கும் வண்டியின் வெற்று எடையில் பாதிக்குள்ளும் இருக்க வேண்டும். அதற்கு மேற்பட்டதற்கு, இணைப்புத் தலை பின்னோக்கித் தள்ளப்படும்போது தானாகப் பிடிக்கும் ஓவர்ரன் பிரேக் தேவை. டிரெய்லரின் மொத்த எடை வண்டியின் வெற்று எடையையே தாண்டிவிட்டால் அதுவும் போதாது. ஓட்டுநர் மிதிக்கும் அதே நொடியில் டிரெய்லரிலும் பிடிக்கும் பிரேக் பொருத்த வேண்டும். எங்கள் டிரெய்லர் அந்த எல்லைக்குள் நிற்பதால் ஓவர்ரன் பிரேக்கோடு ஓடுகிறது. விபத்து நடந்தபின் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பவை இந்த உரிமமும் எடையும்தான் என்பதால், இவற்றைச் சரிசெய்துகொண்ட பிறகு மற்றதைப் பார்க்கலாம்.

இனி வெப்பம். தைப்பூசக் காவடி தமிழ்நாட்டில் பனிக்காலத்தில் வரும். இங்கே அது நடுக்கோடை. டர்பனின் புழுக்கத்தில் பந்தல் சாமான்களை ஏற்றிக்கொண்டு பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்குப் புறப்பட்டால், கடல்மட்டத்திலிருந்து சுமார் 600 மீட்டர் உயரத்துக்கு ஏறியாக வேண்டும். அங்கிருந்து டவுன் ஹில் ஏற்றத்தைக் கடந்து ஹில்டனை அடையும்போது உயரம் 1,100 மீட்டரை நெருங்குகிறது. ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் ஒரு திருமணம் என்றால் வான் ரீனன் கணவாயையும் தாண்டி, சுமார் 1,700 மீட்டர் உயரத்துக்குப் போக வேண்டும். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறத்தாழ ஆறில் ஐந்து பங்குதான். டர்போ இல்லாத பழைய டீசல் வண்டிகள் மேட்டுநிலத்தில் திணறுவது இதனால்தான். டர்போ இருந்தால் திணறல் குறையும். ஆனால் அதே காற்றை அடைக்க டர்போ கூடுதலாகச் சுழல வேண்டியிருப்பதால் வெப்பம் ஏறும்.

கே.இசட். எஞ்சினின் உடலான பிளாக் வார்ப்பிரும்பு, அதன்மேல் மூடியாக உட்காரும் ஹெட் அலுமினியம். அளவுக்கு மீறிச் சூடானால் அந்த ஹெட்டில் விரிசல் விழுந்துவிடும் என்பது இந்த எஞ்சினை அறிந்த எல்லா நாட்டு மெக்கானிக்குகளும் ஒப்புக்கொள்ளும் செய்தி. இதில் பெரிய ஆபத்து, டேஷ்போர்டில் உள்ள வெப்பமானி காட்டும் பொய்யான அமைதி. முள் நடுவில் வந்து நின்றதும், அதற்குப் பிறகு கணிசமான அளவு வெப்பம் ஏறினாலும் இறங்கினாலும் அசையாதபடி அதை அமைத்திருக்கிறார்கள். ஓட்டுநர் வீணாகப் பதற்றப்படக் கூடாது என்பது நோக்கமாக இருக்கலாம். ஆனால் முள் அசைந்து மேலே போவதைப் பார்க்கும் நேரத்தில் பெரும்பாலும் காரியம் கெட்டிருக்கும். நான் முதலில் வாங்கிப் பொருத்தியது எண்ணால் காட்டும் தனி வெப்பமானி. சமதரையில் 85 டிகிரியை ஒட்டி நிற்கும் எண், டவுன் ஹில்லில் 95 வரை போகும். 100 ஆனால் மணி அடிக்கும்படி வைத்திருக்கிறேன். செலவைப் பார்த்தால் ஒரு டயரின் விலைகூட ஆகாது. இந்த வண்டியில் செய்த மாற்றங்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் நான் வைத்துக்கொள்வது இதைத்தான்.

அடுத்தது விசிறியின் கிளட்ச். எஞ்சினால் சுழலும் விசிறிக்கும் அதன் அச்சுக்கும் நடுவில் சிலிக்கோன் எண்ணெய் நிரம்பிய ஓர் உருளை இருக்கிறது. ரேடியேட்டரைக் கடந்துவரும் காற்று சூடாகும்போது, உருளையின் முகத்தில் இருக்கும் ஈருலோகச் சுருள் முறுக்கவிழ்ந்து உள்ளே ஒரு வால்வைத் திறக்கும். எண்ணெய் பரவி விசிறியை இறுகப் பிடித்துக்கொள்ளும். நன்றாக இருக்கும் கிளட்ச் என்றால் நீண்ட ஏற்றத்தில் திடீரென்று விசிறியின் இரைச்சல் கேட்க வேண்டும், அடுத்த நிமிடம் வெப்பமானியின் எண் இறங்க வேண்டும். எங்கள் வண்டியில் அந்த இரைச்சலே கேட்டதில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டுக் கையால் சுழற்றிப் பார்த்தால், தடையே இல்லாமல் பல சுற்று ஓடியது. உருளையின் விளிம்பில் தூசி ஒட்டிய கறுப்பு ஈரம், அதாவது எண்ணெய் கசிந்து தீர்ந்திருந்தது. சில வகைகளைத் திறந்து 10,000 என்று குறித்த கனமான சிலிக்கோன் எண்ணெயை மீண்டும் நிரப்பலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம். அதன் பிறகு ஏற்றத்தின் நடுவில் இரைச்சல் வந்துவிடுகிறது, எண்ணும் இறங்குகிறது. மின்விசிறிக்கு மாற்றிவிடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். சுமை இழுக்கும் வண்டிக்கு அது வேண்டாம் என்பேன். நல்ல நிலையில் உள்ள எஞ்சின் விசிறி தள்ளும் காற்றின் அளவுக்குச் சாதாரண மின்விசிறிகள் ஈடு கொடுப்பதில்லை.

ரேடியேட்டரை உள்ளே சுத்தம் செய்வதைவிட வெளியே சுத்தம் செய்வதைத்தான் பலர் மறக்கிறார்கள். எங்கள் பக்கம் ஏப்ரல் தொடங்கி ஆண்டின் இறுதிவரை கரும்பு வெட்டும் காலம். வெட்டுவதற்கு முன் தோட்டத்துக்குத் தீ வைப்பார்கள். வானத்திலிருந்து கறுப்புச் சாம்பல் இழைகள் விழுந்துகொண்டே இருக்கும். துணி உலர்த்துபவர்களுக்குத் தெரிந்த இந்தத் தொல்லை வண்டிக்கும் உண்டு. ஏ.சி. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் உள்ள விரல் அகல இடைவெளியில் சாம்பலும் பூச்சியும் இலையும் கம்பளம் போட்டதுபோல் அடைந்துகொள்ளும். முன்னாலிருந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது. கண்டென்சரைச் சற்று நகர்த்தி, எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, அழுத்தம் குறைந்த தண்ணீரால் கழுவ வேண்டும். அழுத்தம் மிகுந்த கருவியைக் கிட்டே பிடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். கழுவியபின் விசிறியைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கூட்டை மறக்காமல் மாட்ட வேண்டும். அது இல்லாவிட்டால் விசிறி ரேடியேட்டர் வழியாக இழுக்க வேண்டிய காற்றைப் பக்கவாட்டிலிருந்து இழுத்துக்கொள்ளும்.

எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டைப் பாதிக்குப் பாதி, தாது நீக்கிய தண்ணீரோடு கலந்து ஊற்றுகிறேன். டர்பனில் உறைபனி ஏது என்று கேட்டு வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றுபவர்கள் இரண்டு விஷயங்களை விட்டுவிடுகிறார்கள். அலுமினியம் அரிக்காமல் காப்பது கூலன்ட்டின் முதல் வேலை. கொதிநிலையை உயர்த்துவது இரண்டாவது. உறைபனியும் இந்த நாட்டில் தொலைவில் இல்லை. 2024 செப்டம்பரில் வான் ரீனன் பகுதியில் பெய்த பனியால் என்3 நெடுஞ்சாலையே மூடப்பட்டு, வண்டிகள் இரவு முழுவதும் சாலையில் சிக்கிக்கொண்டன. ரேடியேட்டர் மூடி பழையதென்றால் கேள்வி கேட்காமல் புதியது வாங்கிவிடுங்கள். அந்த மூடி பிடித்துவைக்கும் அழுத்தத்தால்தான் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மேட்டுநிலத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மூடியின் பங்கு இன்னும் கூடுகிறது. காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது மேல் ஹோஸைக் கையால் அமுக்கிப் பார்ப்பது என் வழக்கம். இரவெல்லாம் நின்ற வண்டியில் அது கெட்டியாக இருந்தால், எஞ்சினுக்குள் எரிந்த வாயு எங்கோ தண்ணீருக்குள் நுழைகிறது என்று பொருள். அன்றைக்கு டிரெய்லரை மாட்டக் கூடாது.

இப்போது வலுவைப் பற்றிப் பேசலாம். பெட்ரோல் எஞ்சினில் எரிபொருள் குறைந்தால் சூடு ஏறும் என்று கேள்விப்பட்டவர்கள் டீசலுக்கும் அதையே பொருத்திப் பார்க்கிறார்கள். டீசலில் கதை தலைகீழ். காற்று எப்போதும் முழுதாக உள்ளே வருகிறது. எரிபொருளைக் கூட்டினால் வலுவும் கூடும், சூடும் கூடும். காற்றின் அளவை மீறி எரிபொருள் போனால் மிச்சம் கறுப்புப் புகையாக வெளியேறும், எரிந்த வாயுவின் வெப்பமோ பிஸ்டனையும் ஹெட்டையும் டர்போவையும் தின்னத் தொடங்கும். சிப் என்று விற்பதில் பெரும்பாலானவை செய்வது இதைத்தான்: பம்ப்பின் கட்டுப்பாட்டுக்குப் பொய்யான கணக்கைக் காட்டிக் கூடுதல் டீசல் ஊற்றவைக்கின்றன. வெறும் வண்டியில் முந்திச் செல்லும் சில நொடிகளுக்கு அது பாதகமில்லை. 1,500 கிலோவை இழுத்துக்கொண்டு பல நிமிடம் நீளும் ஏற்றத்தில் அதே எரிபொருள் அளவு தொடர்ந்து போகும்போதுதான் ஹெட்டுக்கு ஆபத்து. அதனால் நான் சிப் மாட்டவில்லை.

அதற்குப் பதிலாக எரிந்த வாயுவின் வெப்பத்தைக் காட்டும் வெப்பமானி ஒன்றைப் பொருத்தினேன். டர்போவுக்கு முன்னால், எரிந்த வாயு வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் துளையிட்டு, தெர்மோகப்பிள் எனப்படும் மெல்லிய உணரியைச் செருக வேண்டும். டர்போவுக்குப் பின்னால் வைப்பது எளிது. ஆனால் அங்கே காட்டும் வெப்பம், சுமையில் ஓடும்போது 100 டிகிரிக்கும் மேலாகவே குறைந்திருக்கும். துளையிடும்போது மேனிஃபோல்டைக் கழற்றிவிடுவது உத்தமம். ஓர் இரும்புத் துகள் டர்போவின் சக்கரத்துக்குள் போனால் அந்தச் செலவில் வேறொரு டர்போவே வாங்கலாம். நான் எனக்கு வைத்துக்கொண்ட எல்லை, நீடித்த ஏற்றத்தில் 700 டிகிரி. இந்தக் கருவி ஓட்டும் பழக்கத்தையே மாற்றிவிட்டது. டவுன் ஹில்லில் நான்காம் கியரில், நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்குச் சற்று மேலே, முழுதாக மிதித்துக்கொண்டு ஏறினால் முள் 700-ஐத் தாண்டி மேலே போய்க்கொண்டே இருக்கும். மூன்றாம் கியருக்கு இறக்கி, 2,800 சுற்றில் பாதி மிதியில் ஏறினால் 620 அளவில் நின்றுவிடும். வேகத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. சுற்று கூடும்போது காற்றும் கூலன்ட்டும் அதிகமாக ஓடுவதுதான் காரணம். எஞ்சின் இரையக் கூடாது என்று மேல் கியரிலேயே முக்கிக்கொண்டு ஏறுவதைப் பெரியவர்கள் சிக்கனம் என்று சொல்வார்கள். டர்போ டீசலுக்கு அது சிக்கனமும் இல்லை, நன்மையும் இல்லை.

எங்கள் வண்டியில் இன்டர்கூலர் இல்லாமல் இருந்தது. டர்போ அழுத்திய காற்று சூடாகவே எஞ்சினுக்குள் போகும். அதைக் குளிரவைத்தால் அடர்த்தி கூடும், எரிந்த வாயுவின் வெப்பம் குறையும். எரிபொருளைத் தொடாமல் ஒரு சிறிய இன்டர்கூலரை மட்டும் பொருத்தியதில் அதே ஏற்றத்தில் சுமார் 50 டிகிரி குறைந்தது. ஆனால் அளவைப் பார்த்துப் போட வேண்டும். ரேடியேட்டரின் முழு முகத்தையும் மறைக்கும் பெரிய இன்டர்கூலரை முன்னால் தொங்கவிட்டால், எரிந்த வாயுவுக்குக் கொடுத்த குளிர்ச்சியைக் கூலன்ட்டிலிருந்து பிடுங்கிக்கொள்வதாக முடியும்.

ஏறியது இறங்கியாக வேண்டும். சுமையோடு வண்டியும் டிரெய்லருமாக 3,500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஹில்டனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு இறங்கும் 500 மீட்டர் உயரத்தில் அது இழக்கும் ஆற்றல் சுமார் 17 மெகாஜூல். 50 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமான வெப்பம். அதில் ஒரு பங்கைக் காற்றும் டயரும் எஞ்சினும் வாங்கிக்கொள்ளும். மீதி முழுவதும் சில கிலோ இரும்பினாலான டிஸ்க்கிலும் டிரம்மிலும்தான் இறங்க வேண்டும். 2013-இல் பைன்டவுனுக்கு மேலே ஃபீல்ட்ஸ் ஹில்லில் பிரேக் பிடிக்காத லாரியால் நேர்ந்த கோர விபத்தை இந்த மாகாணத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். லாரிக்குப் பொருந்துவது அளவில் சிறிய எங்கள் டிரெய்லருக்கும் பொருந்தும்.

பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 155 வரை இறங்கிவிடலாம். கொதித்தால் குழாயில் ஆவி நிறைந்து மிதி தரைவரை போகும். டர்பனின் ஈரக்காற்றில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது மிகையில்லை. பிரேக் மிதியை இலகுவாக்கும் பூஸ்டருக்குத் தேவையான வெற்றிடம் இந்த வண்டியில் ஆல்டர்னேட்டரின் முதுகில் ஒட்டியிருக்கும் சிறிய பம்ப்பிலிருந்து வருகிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் பெல்ட் அறுந்தால் மின்சாரம் மட்டுமன்றி மிதியின் இலகுவும் போய்விடும். எஞ்சினை நிறுத்தி, மிதி கெட்டியாகும்வரை பலமுறை அழுத்தி, காலை எடுக்காமல் எஞ்சினைக் கிளப்பினால் மிதி சற்றே கீழிறங்க வேண்டும். இறங்காவிட்டால் பம்ப்பையும் ஹோஸையும் பாருங்கள்.

பின்பக்கம் சுமையால் தாழ்ந்துபோவதைத் தடுக்க லீஃப் ஸ்பிரிங்கில் இருபுறமும் ஒரு பட்டை கூட்டினோம். வேலையைச் செய்த இடத்தில் எல்லாம் முடிந்தது என்று சொல்லி வண்டியைக் கொடுத்துவிட்டார்கள். அதன்பின் மழையில் பிரேக் போட்டால் முன்சக்கரங்கள் மட்டுமே வேலை செய்வதுபோல் தோன்றியது. சாட்ஸ்வர்த்தில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணனிடம் காட்டினேன். அவர் பின்னச்சுக்கு அடியில் படுத்து, அச்சிலிருந்து வண்டியின் அடிச்சட்டத்துக்குப் போகும் ஒரு மெல்லிய கம்பியை விரலால் தட்டிக் காட்டினார்.

"தம்பி, ஸ்பிரிங்கைத் தூக்கினவங்க இந்தக் கம்பியைத் தொட்டாங்களா?"

"தொட்ட மாதிரி தெரியலைண்ணே."

"அப்போ வண்டி காலியா இருக்குன்னு இது நினைச்சுக்கிட்டிருக்கு."

அந்தக் கம்பி, சுமைக்கேற்பப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வோடு இணைந்தது. சுமை ஏறி வண்டி தாழ்ந்தால் கம்பி உயர்ந்து பின்சக்கரங்களுக்கு அதிக அழுத்தம் அனுப்பும். காலியாக இருந்தால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளாதபடி அழுத்தத்தைக் குறைக்கும். ஸ்பிரிங்கை உயர்த்தினால் முழுச் சுமையிலும் வண்டி தாழாது. வால்வு ஏமாந்துபோய்ப் பின் பிரேக்கைப் பட்டினி போடும். கம்பியின் நீளத்தைச் சரிசெய்து, அழுத்தத்தை அளந்து பார்க்க அரை மணி நேரம் போதும். ஆனால் ஸ்பிரிங் மாற்றும் கடைகளில் இதைக் கேட்காமலே செய்பவர்கள் அரிது. நீங்களே கேளுங்கள், எழுதிக் கொடுங்கள்.

பின்பக்கத்தைத் தூக்க ஸ்பிரிங்கோடு வைக்கும் காற்றுப் பைகளையும் நான் யோசித்துப் பார்த்து விட்டுவிட்டேன். லீஃப் ஸ்பிரிங் தன் சுமையை முன்னும் பின்னுமாக இரண்டு இடங்களில் சட்டத்துக்குக் கொடுக்கிறது. நடுவில் வைக்கும் காற்றுப் பையோ ஒரே புள்ளியில் முட்டிக்கொண்டு நிற்கிறது. இரட்டை கேபின் வண்டியில், பின்னச்சுக்கும் பின்னால் தொங்கும், டிரெய்லரை மாட்டும் டோ பாரில் சுமை மிகுந்து, கரடுமுரடான பாதையில் குதித்தால், கேபினுக்குப் பின்னால் சட்டமே வளைந்துவிடலாம். கடற்கரைக் காற்றில் இருபது ஆண்டு ஊறிய சட்டத்துக்கு அந்தச் சோதனை வேண்டாம். சட்டத்தின் உட்புறத்தில் ஆண்டுதோறும் மெழுகெண்ணெய் தெளித்து, நீர் வடியும் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்துவைப்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

டிரெய்லரின் மூக்கில் எவ்வளவு எடை இருக்க வேண்டும் என்பதற்குப் பொதுவாகச் சொல்லும் கணக்கு, டிரெய்லர் எடையில் பத்தில் ஒரு பங்கு; ஆனால் டோ பாரின் தகட்டில் உள்ள எல்லைக்கு மேல் போகக் கூடாது. வீட்டில் உடல் எடை பார்க்கும் தராசின் மேல் ஒரு கட்டையை நிறுத்தி, சமதரையில் இணைப்புத் தலையை அதன்மேல் இறக்கினால் விடை கிடைத்துவிடும். சாதாரணத் தராசு 150 கிலோ வரைதான் தாங்கும் என்பதால் மெதுவாக இறக்க வேண்டும். சுமையேற்றும் பையன்களுக்கு அண்டாக்களைக் கதவோரம் கடைசியில் ஏற்றுவதில் ஆசை, இறங்கும் இடத்தில் அவைதான் முதலில் தேவை. அண்டாக்கள் அச்சுக்குப் பின்னால் போனால் மூக்கு இலேசாகி, 90 கிலோமீட்டர் வேகத்தில் பக்கக் காற்று அடித்தவுடன் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். அதனால் எங்கள் டிரெய்லரின் தரையில் சிவப்புக் கோடு போட்டு, அடுப்பும் அண்டாவும் கோட்டுக்கு முன்னால், நாற்காலியும் துணியும் பின்னால் என்று வைத்திருக்கிறோம். டோ பாலின் விட்டம் 50 மில்லிமீட்டர்; தேய்ந்து 49-க்கு வந்தால் மாற்றிவிட வேண்டும்.

ஓவர்ரன் பிரேக்கில் ஒரு குணம் உண்டு. இறக்கத்தில் கீழ் கியரில் எஞ்சினால் வேகத்தைக் கட்டுப்படுத்திக்கொண்டு வரும்போது, டிரெய்லர் முன்னால் தள்ளிக்கொண்டே இருப்பதால் அதன் பிரேக் விடாமல் உரசிக்கொண்டே வரும். கீழே இறங்கியதும் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரக் குடத்துக்கும் அருகில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்க்கிறேன். நான்கும் ஒரே அளவு சூடாக இருந்தால் கவலையில்லை. ஒன்று மட்டும் கொதித்தால் கேபிளோ பேரிங்கோ சிக்கியிருக்கிறது. டிரெய்லர் டயர்கள் தேய்வதற்கு முன்பே கிழடாகிவிடும். போக்குவரத்துச் சட்டம் கேட்பது 1 மில்லிமீட்டர் பொளிவு, அதாவது டயர்ப் பள்ளத்தின் ஆழம். ஆனால் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத்தைப் பார்க்காமல் பொளிவை மட்டும் பார்ப்பதில் பயனில்லை. 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது.

கியர் பெட்டியைப் பொறுத்தவரை, ஐந்தாம் கியரில் இழுப்பதில்லை. நான்காம் கியரில் உள்ளே வரும் அச்சும் வெளியே போகும் அச்சும் நேராகப் பூட்டிக்கொள்வதால் பற்களின் மேல் சுமை விழுவதில்லை. ஐந்தாவதில் முழுச் சுமையும் ஒரு சிறிய பல்சக்கர இணையின் மேல் விழும். கோயில் வளாகங்களில் மேட்டில் டிரெய்லரைப் பின்னுக்குத் தள்ள நேர்ந்தால், நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டி என்பதால், புல்தரையிலோ மண்ணிலோ, மெதுவாக ஆனால் அதிக வலுவோடு இழுக்கும் லோ ரேஞ்ச் போட்டுக்கொள்கிறேன். கிளட்ச் கருகும் மணமே வராது. உறுதியான தார்ச்சாலையில் மட்டும் அப்படிச் செய்து வளைக்கக் கூடாது, பல்லிணைப்புகள் முறுக்கிக்கொள்ளும்.

மற்றவை வழக்கமான வேலைகள். 15டபிள்யூ-40 எண்ணெயும் பில்டரும் 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை; கரும்புக் காலத்தில் காற்று பில்டரை மாதம் ஒருமுறை திறந்து பார்ப்பது; டீசல் பில்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தித் தண்ணீரை வடிப்பது. பெட்ரோல் பங்க்குகளில் 50 பி.பி.எம்., 500 பி.பி.எம். என்று கந்தக அளவு குறித்த இருவகை டீசல் கிடைக்கும். இந்தப் பழைய எஞ்சின் இரண்டிலும் ஓடும், நான் விற்பனை மிகுந்த பங்க்காகப் பார்த்து ஊற்றுகிறேன், தேங்கிய டீசலில்தான் தண்ணீர் சேர்கிறது. டைமிங் பெல்ட்டை 100,000 கிலோமீட்டரில் மாற்றிவிடுகிறேன். ஏற்றம் முடிந்து நிறுத்தும்போது ஓரிரு நிமிடம் எஞ்சினை ஓடவிட்டே அணைக்கிறேன், டர்போவின் பேரிங்கில் எண்ணெய் கருகாமல் இருக்கும்.

இத்தனைக்கும் புதிய வண்டி வாங்கலாமே என்பார்கள். ஹைலக்ஸ் வண்டிகள் டர்பனுக்குத் தெற்கே பிராஸ்பெக்டனிலேயே தயாராவதால், இந்த வண்டியின் உறுப்புகளை அறிந்த கைகளும் உதிரிபாகங்களும் இசிப்பிங்கோவிலிருந்து ஃபீனிக்ஸ் வரை எங்கும் கிடைக்கின்றன. புதிய வண்டியின் மாதத் தவணையில் இரண்டைச் சேர்த்தால் இங்கே சொன்ன வெப்பமானிகளும் விசிறி எண்ணெயும் பிரேக் வேலையும் முடிந்துவிடும். சட்டம் துருப்பிடித்து ஓட்டை விழுந்தாலோ, ஹெட்டில் ஒருமுறை விரிசல் விழுந்து ஒட்டவைத்திருந்தாலோ அந்த வண்டியில் இவ்வளவு செலவு செய்ய நான் சொல்ல மாட்டேன்; அதைக் காலி வண்டியாக ஓட்டிக்கொள்ளலாம்.

பெரிய வெள்ளி மாரியம்மன் திருவிழாவுக்கான முன்பதிவுகள் தொடங்கிவிட்டன. அதற்கு முன் முடிக்க வேண்டியவை இரண்டு: இணைப்புத் தலைக்குள் இடியைத் தாங்கும் டாம்ப்பர் தளர்ந்துவிட்டதால் பிரேக் விடும்போது டிரெய்லர் முதுகில் இடிக்கிறது, அதை மாற்ற வேண்டும், பம்பருக்கு அடியில் சேற்றில் ஊறிக்கொண்டிருக்கும் ஏழு முனை மின்சாக்கெட்டை ஒரு சாண் மேலே தூக்கிப் பொருத்த வேண்டும்.